ஏழு ஏ என்கிற எட்டாம் நம்பர்க் கடை

செங்கமடை நகராட்சியின் புது வணிக வளாகத்திலிருந்து ஒரு கடை எழுந்து போய்விட்டது என்று அந்த ஊரில் போய்ச் சொன்னால் ஒருத்தரும் வாயைப் பிளக்கமாட்டார்கள், 'இப்போ எங்கன நிக்கு?' என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் போன மார்கழியிலும் தையிலும் அந்தக் கடை வந்து நில்லாத தெரு கிடையாது, அதைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது, அது வந்து நின்றதால் லாபம் பார்த்தவர்களும் வயிறெரிந்தவர்களும் ஊரில் சரிபாதி. ஆனால் அது எதற்காக இப்படி அலைகிறது என்று கண்டுகொண்டவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான், அவளுக்கே அது லேசில் பிடிபடவில்லை.

தங்கபுஷ்பம் தேய்ப்பு வண்டிக்காரி. தகரக் கூரை போட்ட தள்ளுவண்டி, அதன்மேல் விரித்த பழைய கம்பளி, கரி போட்டு ஊதுகிற கனத்த இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு பித்தளைச் செம்பு, தேய்த்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க சைக்கிளோடு ஒரு புருஷன், இவ்வளவுதான் அவள் சொத்து. புருஷன் பெயர் கொம்பையா. நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது. பஸ் நிலையத்துக்கு எதிரே வாகை மரத்தடியில் அந்த வண்டி வருஷக்கணக்காக நின்றது, பிறகு அந்த இடத்தில்தான் நகராட்சி வளாகம் கட்டியது, மரமும் போயிற்று, வண்டிக்கு நிற்க இடமும் போயிற்று. அன்றிலிருந்து ஒரு நாள் ஒரு தெரு, மறுநாள் வேறு தெரு என்று அவள் தள்ளிக்கொண்டு திரிந்தாள், எந்தத் தெருவில் நிறுத்தினாலும் சாயந்தரத்துக்குள் நகராட்சி லாரி பின்னாலேயே வந்து விரட்டியது.

லாரியில் வருகிறவர் வருவாய் அலுவலர் பால்வண்ணன். நகராட்சிக் கடைகளை ஏலம் விட்டு ஆள் வைப்பதும் அவர் வேலை, தெருவோரத்தில் நிற்கிற கடைகளை அப்புறப்படுத்துவதும் அவர் வேலை. ஒரே மனுஷன் காலையில் 'வாங்க, கடை எடுங்க' என்று கூப்பிட்டுவிட்டு மத்தியானம் 'போங்க, கடைய எடுங்க' என்று விரட்ட வேண்டும் என்றால் அவரும்தான் என்ன செய்வார், வயிற்றுப்புண் வந்து வேளைக்கு மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பாவம்.

வளாகத்தின் திறப்பு விழா அன்றைக்குக் கல்வெட்டை மூடுகிற பட்டுத்திரை கசங்கிச் சுருண்டு கிடந்தது. பெரிய மனிதர்களின் கார்கள் ஊர் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. பால்வண்ணன் வேர்த்து விறுவிறுத்து ஓடி, முந்தின நாள் தானே விரட்டிவிட்ட தங்கபுஷ்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "ஏம்மா, ஒரு உபகாரம் செய்யணுமே" என்று கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒரு காலிக் கடைக்குள் கம்பளியை விரித்து, கரியைக் கனியவிட்டு, அந்தத் திரையைத் தேய்த்துக் கொடுத்தாள். வேலை முடிந்ததும் சிந்தின சாம்பலைக் கையாலேயே கூட்டி அள்ளினாள், புதுச் சுவரை ஒரு தட்டுத் தட்டி "நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பூசணிக்காய் உடைத்தவர்களும் நாடா வெட்டினவர்களும் ஆயிரம் பேர் இருக்கலாம், அந்தக் கட்டடத்தில் முதலில் அடுப்பு மூட்டி வேலை பார்த்தவள் அவள்தான்.

அந்தக் கடைக்கு ஒரு கேடு இருந்தது. வரிசைப்படி அது எட்டாம் நம்பர்க் கடை. எட்டு சனியுடைய எண், அதை எவனும் ஏலம் எடுக்கமாட்டான் என்று பயந்து, கட்டின ஒப்பந்தக்காரர் யாரையும் கேட்காமல் பெயிண்டரை விட்டு ஏழுக்கு அடுத்ததாக 'ஏழு ஏ' என்று எழுதிவிட்டார், அதற்கடுத்தது ஒன்பது. ஆபீசில் இருந்த ஏலப் பட்டியலிலோ எட்டு எட்டாகவே இருந்தது.

ஏலத்தன்றைக்கு வளாகத்தின் முன்னால் போட்ட பந்தலில் அல்வா வியாபாரி ஆவுடையப்பன் அண்ணாச்சியும் அவர் கூட்டாளிகளும் பளபளவென்ற வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு எந்தக் கடை என்பதை முந்தின நாளே லாட்ஜில் உட்கார்ந்து பேசி முடித்தாயிற்று, அதனால் ஒருத்தர் கை தூக்கினால் மற்றவர்கள் முகட்டைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் கடைசி வரிசையில், தான் திரை தேய்த்த அந்தக் கடையைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள், மற்றக் கடைகளுக்கெல்லாம் போட்டி இருக்கும், அதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று கொம்பையா எங்கேயோ கேட்டுவந்து சொல்லியிருந்தான். பால்வண்ணன் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டார், எட்டைப் படித்துவிட்டுக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார், எட்டு இல்லை, ஒன்பதுக்குத் தாவிவிட்டார். தங்கபுஷ்பம் கையைத் தூக்கினாள்.

"என்னக்கா, கையத் தூக்குதிய?" என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"நடுவுல ஒரு கடையக் கூப்பிடலையே அண்ணாச்சி, அதான் கேக்கேன்."

பால்வண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுன்னு ஒரு கடை இடத்துல இல்லம்மா. ஏழு ஏன்னு ஒரு கடை பட்டியல்ல இல்ல. இல்லாத கடைய நான் எப்படி ஏலம் போட?"

"இல்லாத கடைக்குள்ள வச்சா ஐயா அன்னைக்கு உங்க திரையத் தேச்சேன்?"

கொல்லென்று ஒரு சிரிப்பு. பால்வண்ணனுக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அவர் பத்தாம் நம்பருக்குப் போய்விட்டார். தங்கபுஷ்பம் கையை இறக்கினாள். அவமானம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்தவள் அந்தக் கடை வாசலில் நின்று, ஷட்டரில் கை வைத்து, "நான் ஊருக்குள்ளதான் கெடக்கேன், ஆனா கணக்குல இல்ல. நீயும் என்னய மாதிரிதான் போலிருக்கு. சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ரெண்டு நாள் கழித்து மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கண் அசருகிற நேரத்தில் அந்தக் கடை எழுந்து போயிற்று.

ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு இடைவெளி. அதன் வழியாகப் பின்தெரு தெரிந்தது, பின்தெருக்காரர்கள் இதுவரை பஸ் பிடிக்கச் சுற்றிக்கொண்டு ஓடினவர்கள், உடனே அந்த வழியாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், மறுநாளே 'இந்தப் பாதையை அடைக்காதே' என்று ஒரு தட்டியும் கட்டிவிட்டார்கள். கடை போன இடம் அரசு ஆஸ்பத்திரி வாசல். உள்நோயாளிக்குத் துணைக்கு வந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் ஷட்டரைத் தூக்கி உள்ளே போய்த் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள், யாரோ கஞ்சிப் பானை கொண்டுவந்து இறக்கினார்கள், நகராட்சிக்கு இப்பவாவது புத்தி வந்ததே என்று நாலு பேர் வாழ்த்தினார்கள். அப்புறம் பெண்கள் பள்ளிக்கூட முக்கில் நின்றது, அப்புறம் மீன் சந்தையில், அப்புறம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். போக்குவரத்து ஏட்டு வந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்காக ஷட்டரில் அபராதச் சீட்டு ஒட்டினார். மின்வாரியத்துக்காரர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்து செருப்புத் தேய்ந்து வீட்டுக்குப் போனார். அது வந்து நின்றால் வியாபாரம் பெருகுகிறது என்று ஒரு தெருவும், அது நிழலடித்துத் தன் நகைக்கடை முகப்பை மறைக்கிறது என்று ஒரு முதலாளியும் சண்டைக்கு வந்தார்கள், கவுன்சிலர்கள் 'எங்க வார்டுக்கு எப்போ வரும்?' என்று மன்றக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கினார்கள், ஒரு வீட்டுமனை புரோக்கர் 'நடமாடும் கடை வந்து போகும் பகுதி' என்று நோட்டீஸ் அடித்து மனையின் விலையை ஏற்றினான். ஒரு மகராசி ஷட்டரில் மஞ்சள் கயிறு கட்டி, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அவிழ்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள், அமைந்ததும் அவிழ்க்க அவள் ஊரெல்லாம் ஆட்டோவில் தேட வேண்டியதாயிற்று.

அது நகருவதை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆணையரம்மா, வடக்கே இருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், எதையும் ஆதாரத்தோடு கேட்கிறவர், ஒரு காவலாளியை நாற்காலி போட்டு எதிரே உட்காரவைத்தார். அவன் கொட்டக்கொட்ட முழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், கடை அசையவே இல்லை. அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மி நிமிர்ந்து பார்த்தால் நாற்காலிக்கு எதிரே வெறும் ரோடு.

ஆவுடையப்பன் அண்ணாச்சி சும்மா இருப்பாரா? கூட்டம் இருக்கிற இடத்துக்குத் தானே போகிற கடை என்றால் அதைவிட என்ன வேண்டும் ஒரு வியாபாரிக்கு! அவர் சொல்லி, மன்றம் தீர்மானம் போட்டு, 'ஏழு ஏ என்கிற எட்டு, நிற்கிற இடத்தில் நிற்கிற நிலையில்' ஏலத்துக்கு வந்தது. ஏலத்தைச் சொத்தின் முன்னால் வைத்துத்தான் விட வேண்டும் என்பது விதி. பால்வண்ணன் மேசையைத் தலையில் தூக்கிவைத்த ஆட்களோடு கடை நின்ற இடத்துக்கு ஓடினார், தங்கபுஷ்பம் அப்போது ஊரின் மறுகோடியில் யாரோ ஒரு வீட்டுப் புடவைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், ஏலம் நடந்த சங்கதியே அவளுக்கு மறுநாள்தான் தெரியும். அண்ணாச்சி ஒருத்தரே கை தூக்கினார், கடை அவருக்கு ஆயிற்று.

மறுநாள் விடிந்ததும் கண்ணாடி அலமாரி, பித்தளைத் தட்டு, மின்விசிறி, கல்லா மேசை எல்லாம் வந்து இறங்கி அல்வாக்கடை அமர்க்களமாகத் திறந்தது. கடைக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் குப்பை கிடந்தது, அதை ஆட்கள் எத்தனை தரம் கூட்டி வெளியே எறிந்தாலும் திரும்பிப் பார்க்கும்போது மறுபடி அதே மூலையில் கிடந்தது, கடைசியில் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள். மதியம் கணக்கப்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தபடி லேசாகக் கண் அசந்தார். விழித்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அலமாரி, தட்டு, அல்வா எல்லாம் வைத்தது வைத்தபடி நடுரோட்டில் வரிசையாக நின்றன, மின்விசிறி மட்டும் யாரோ பதனமாகக் கழற்றி வைத்ததுபோல மேசைமேல் இருந்தது, ஜனங்கள் ஒன்றும் நடக்காததுபோல நின்று அல்வா வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடையைக் காணோம்.

"எனக்கு வேண்டாம்வே, அந்தக் கட்டடம் ஆளப் பாத்துப் பழகுது" என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இத்தனை கூத்திலும் தங்கபுஷ்பத்துக்கு ஒரு மனக்குறை. ஊரில் எல்லார் வாசலுக்கும் போகிற கடை அவள் நிற்கிற தெருவுக்கு மட்டும் ஒரு நாளும் வரவில்லை. வெளியே சொல்லமாட்டாள், உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கொம்பையா அந்தப் புண்ணில் தினமும் உப்பைத் தடவினான்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்காம்ட்டி. நேத்து நாம அங்கனதான நின்னோம்? ஒரு நாள் பொறுத்து அங்க நின்னிருந்தா அம்புட்டுக் கூட்டமும் நமக்குத் துணி போட்டிருக்கும்லா." மறுநாள், "இன்னைக்குப் பள்ளிக்கூடத்து முக்கு. நேத்து நாம அங்க! நம்ம அதிர்ஷ்டத்தப் பாரு." அதற்கு மறுநாள் மீன் சந்தை, அதற்கும் இதே பாட்டு.

"வாய மூடிட்டுத் துணியக் கொண்டு கொடும்" என்றாள் அவள். கட்டடம்கூட நம்மை ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன் என்கிறதே என்று பெட்டியை ஓங்கி அழுத்தித் தேய்த்தாள்.

ஒரு நாள் கோர்ட்டுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் வண்டி நின்றபோது லாரி வந்துவிட்டது. பால்வண்ணன் இறங்கி, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனி ஒருக்கா தெருவுல கண்டேன்னா வண்டிய ஏத்திக் குடோன்ல போட்டுருவேம்மா. மேல இருந்து உத்தரவு. என்னய வையாதிய." குடோனில் துருப்பிடித்துக் கிடக்கிற வண்டிகளை அவள் பார்த்திருக்கிறாள், உள்ளே போன ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. பதறியடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினதில் தண்ணீர் தெளிக்கிற செம்பு மரத்தடியிலேயே தங்கிவிட்டது. வண்டியும் போனால் என்ன செய்வது, யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பது என்று இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை.

மறுநாள் செம்பை எடுக்கத் தனியாகப் போனாள். மரத்தடியில் செம்பு இல்லை, கடை நின்றது. ஷட்டர் முக்கால்வாசி ஏறியிருந்தது, உள்ளே யாருமில்லை. தரையின் நடுவே, கழுவித் துடைத்துக் கவிழ்த்தது மாதிரி, அவளுடைய பித்தளைச் செம்பு.

உள்ளே போனாள். மூலையில் ஒரு சாக்குக் கிடந்தது, அதைத் தூக்கினாள். வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற உடைந்த செங்கல், அது ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு ஓடினது. ஓரம் கருகின கம்பளித் துண்டு, அது பள்ளிக்கூட முக்கில் விழுந்தது. கரி கிளறுகிற கம்பி, மீன் சந்தையில் தொலைந்தது. விரட்டப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் அவள் விட்டுவிட்டு ஓடின சாமான் ஒவ்வொன்றும் அந்த மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அவள் சுவரில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி மாதிரி இளஞ்சூடாக இருந்தது.

தங்கபுஷ்பம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதாள். ஒரு நாள் பிந்தி, ஒரு நாள் பிந்தி, அவள் நேற்று நின்ற இடத்துக்கெல்லாம் அது வந்திருக்கிறது, வந்து பார்த்தால் ஆள் இல்லை, சிந்தின சாம்பல்தான் இருந்திருக்கிறது. "என்னயத் தேடியா வாரே? கிறுக்குப் பயபுள்ள, என்னயத் தேடியா இம்புட்டு அலைஞ்சே?" என்று சுவரைத் தடவித் தடவிக் கேட்டாள்.

அன்றைக்குச் சாயந்தரம் கொம்பையா இன்னொரு செய்தி கொண்டுவந்தான். திரிகிற கட்டடத்தால் நகராட்சிக்குக் கெட்ட பெயர், குடியரசு தினம் கழிந்த மறுநாள் ஜேசிபி வைத்து அதை எங்கே கண்டாலும் இடித்துவிடுவது என்று முடிவாகிவிட்டதாம்.

தங்கபுஷ்பம் யோசித்தாள். கோர்ட்டு மரத்தடிக்கே போய் அதற்குள் உட்கார்ந்தாலும் லாரி வந்து விரட்டிவிடும், கடை அவளைப் பிடிக்க வேண்டுமானால் அவள் விரட்டப்படாமல் ஒரு இடத்தில் ஒரு நாள் நகராமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாள்தானே அவளுக்கு எந்தத் தெருவிலும் கிடைக்காதது.

"எங்க நின்னாலும் வெரட்டுவாவ" என்றாள் புருஷனிடம். "வெரட்டுதவங்க வாசல்லயே போய் நின்னா எங்க கொண்டு வெரட்டுவாவ?"

"ஏட்டி, உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்றான் கொம்பையா. சொன்னானே தவிர, மறுநாள் காலை வண்டியின் ஒரு பக்கத்தை அவன்தான் பிடித்துத் தள்ளினான்.

நகராட்சி அலுவலக வாசலில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, கடை மூலையிலிருந்து எடுத்துவந்திருந்த செங்கலை அண்டை கொடுத்தாள். மறுநாள் குடியரசு தினம், கொடியேற்றம், ஆபீசில் இருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வேண்டும், ஆகையால் கொம்பையா முந்தின நாளே எல்லார் வீட்டுக்கும் போய் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். பால்வண்ணன் லாரியோடு வந்தார், வண்டியைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஊர்ல வேற இடமே கிடைக்கலையா? ஏத்துங்கப்பா வண்டிய!"

"ஏத்துங்க ஐயா. கரி கனிஞ்சு கெடக்கு, பாத்து ஏத்துங்க. மேல கெடக்கது பூரா உங்க ஆபீஸ் துணி. இது ஆணையரம்மா சேலை. இது உங்க சட்டை."

லாரி ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அதில் அவர்கள் காக்கியும் இருந்தது. பால்வண்ணன் தன் சட்டையைப் பார்த்தார், ஆணையரம்மா இருக்கிற மாடியைப் பார்த்தார். "சரி. கையில இருக்க துணியத் தேச்சு முடிக்க வரைக்கும் நில்லுங்க. முடிஞ்ச அடுத்த நிமிஷம் வண்டி இங்க இருக்கக்கூடாது. இது என் வாக்கு, மீறமாட்டேன்."

"எனக்கும் அது போதும்யா" என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த வாக்கு டீக்கடை வழியாக ஊருக்குள் போயிற்று. கடை யாரைத் தேடி அலைகிறது என்பதையும் கொம்பையா தன் ஓயாத வாயால் சைக்கிளில் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான், வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாய் உபயோகப்பட்டது. மதியத்துக்குள் அவள் குவியலில் பாதியை முடித்துவிட்டாள், எவ்வளவு மெதுவாகத் தேய்த்தாலும் சட்டைக்கு ரெண்டு கைதானே. அப்போது ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்த ஒரு பெரியவர் தன் துண்டைக் கொண்டுவந்து வண்டியில் போட்டார், "இத ஒரு இழுப்பு இழுத்துருங்கம்மா" என்று. பின்னாலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாவணிகளோடு வந்தார்கள். கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டுகள் வந்தன. தன் ஜன்மத்தில் தேய்த்த சேலை கட்டியறியாத மீன்காரம்மா மீன்வாடையோடு தன் நைலக்ஸ் சேலையைக் கொண்டுவந்து கொடுத்து "மடிப்பு மயில்தோகையா நிக்கணும் ஆமா" என்றாள். அந்த இடைவெளி வழியாகப் பஸ்ஸுக்கு நடக்கிற பின்தெருக்காரர்கள் மொத்தமாகத் திரண்டு ஜன்னல் திரைகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். தங்கபுஷ்பம் தேய்க்கத் தேய்க்கக் குவியல் வளர்ந்தது. பால்வண்ணன் வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குவியல் தீருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், வாக்கைக் கொடுத்துவிட்டாரே, சாயந்தரம் வீட்டுக்குப் போனவர் ஒரு பையோடு திரும்பி வந்து, யாரும் பார்க்காத மாதிரி தன் வீட்டுப் போர்வை ஒன்றை அடியில் செருகினார்.

இரவு தெருவிளக்கு வெளிச்சத்திலும் பெட்டி நிற்கவில்லை, கை வலித்தபோது கொம்பையா வாங்கிக்கொண்டான். காலையில் தேய்த்த சட்டைகளோடு கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். வெயில் ஏறி மதியம் ஆனது. வாசலில் ஊரே நின்றது, ஆணையரம்மா, கவுன்சிலர்கள், ஏட்டு, அண்ணாச்சிகூட ஓரமாக, எல்லாரும் வைத்த கண் வாங்காமல் ரோட்டையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. கண் அசருகிற நேரம் கடந்துகொண்டே இருந்தது, ஒருத்தரும் கண் அசரவில்லை. தங்கபுஷ்பம் கரியை மறுபடி ஊதிவிட்டாள். நாளைக்கு ஜேசிபி.

சட்டென்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ, நீங்க பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படி வரும்? எல்லாரும் கண்ண மூடுங்க! ஐயா, நீங்களும்தான்!"

ஊர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. பால்வண்ணன் முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். ஏட்டு மூடினார், மீன்காரம்மா மூடினாள், ஆணையரம்மா கொஞ்சம் தயங்கி, பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நட்ட நடு மதியத்தில் செங்கமடை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தங்கபுஷ்பமும் மூடிக்கொண்டாள், கை மட்டும் பழக்கத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது. புதுச் சிமெண்டு வாசனை வந்தது. சுட்டுக்கொண்டிருந்த கண்ணிமையின்மேல் மெல்ல நிழல் விழுந்தது.

திறந்தபோது அவளைச் சுற்றிச் சுவர் இருந்தது, தலைக்குமேல் கூரை இருந்தது, வண்டி உள்ளே நின்றது, மூலையில் கம்பியும் கம்பளித் துண்டும் இருந்தன. வெளியே ஊர் குலவை போட்டது.

சொத்து நகராட்சி நிலத்தில் நிற்கிறது, ஆகவே இடிக்க வேண்டியதில்லை, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, ஏலம் விட வேண்டும் என்றார் ஆணையரம்மா. இனி குழப்பம் வேண்டாம் என்று பெயிண்டரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சுவரில் எட்டு என்று பெரிதாக எழுதவைத்தார்கள். பால்வண்ணன் மேசைமேல் சுத்தியலால் தட்டினார். "எட்டாம் நம்பர்க் கடை. கேக்குதவங்க கேக்கலாம்."

எல்லார் கண்ணும் ஆவுடையப்பன் அண்ணாச்சி மேல் போயிற்று. அவர் தன் கை ரெண்டையும் கட்டிக்கொண்டு, "என்ன ஏன்வே பாக்குதிய? ஒருக்கா பட்டாச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்தத் தடவ கையத் தூக்குங்க" என்றார்.

தங்கபுஷ்பம் பெட்டியைக் கீழே வைக்க மறந்துபோனாள். கனன்றுகொண்டிருந்த அந்தக் கனத்த இஸ்திரிப் பெட்டியோடேயே கையைத் தலைக்குமேல் தூக்கினாள், யாரும் சிரிக்கவில்லை. பால்வண்ணன் மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அந்தக் கை ஒன்றுதான் உயர்ந்து நின்றது.

அதன்பிறகு கடை அசையவில்லை. வளாகத்து இடைவெளிப் பாதையைப் பின்தெருக்காரர்கள் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆனி மாசம் தங்கை மகள் கல்யாணத்துக்காக அவளும் கொம்பையாவும் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம், விருந்து சாப்பிட்ட சனம் பாயில் சரிந்து கிடந்தபோது வாசலில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் பந்தலை ஒட்டினாற்போல எட்டு என்று எழுதின ஒரு கடை நிற்கிறது, அந்த ஊர் நகராட்சி அதிகாரி ஒருவர் மூச்சிரைக்க அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"ஒரு நாள் பொறுக்கமாட்டியா நீ?" என்று தங்கபுஷ்பம் அதன் சுவரில் செல்லமாக ஒரு அறை வைத்தாள்.

"ஏம்மா, இது யார் கடை?" என்று அதட்டினார் அதிகாரி.

தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றாள்.

"என் கடை" என்றாள்.